நாற்பத்தொன்றாம் எண் ரத்தம்

இரண்டு வாரத்துக்கு முன், ஒரு புதன்கிழமை காலை, ரத்தம் நிரப்பிய குழாயைச் சுழற்றும் இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது செல்வின் அண்ணாச்சியின் மனைவி போன் செய்தார். "எம்மா முத்து, உங்க அண்ணாச்சி போயிட்டாவ" என்றார். "சரி மதினி" என்றேன். இயந்திரம் நின்றதும் குழாயை எடுத்து அடுத்த வேலையைப் பார்த்தேன். எடுத்த ரத்தத்தைக் காக்க வைக்கக் கூடாது என்பது அவர் தினமும் சொல்வது. அவர் ஊரான நாசரேத்தில் மண் போட்டபோதும் எனக்கு அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை. அவரோடு வேலை பார்த்த நீங்கள் என்னைத் தப்பாக நினைக்க வேண்டாம்.

தூத்துக்குடியில் நாங்கள் இருவரும் பதினொரு வருடம் ஒரே ஆய்வகத்தில் டெக்னீஷியன்கள். வாய், தொண்டைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்தவர்களின் ரத்தத்தில், கட்டியிலிருந்து பிரிந்து வந்த செல்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றனவா என்று தேடுவதுதான் கடைசி நான்கு வருடம் எங்கள் வேலை. கோடிக்கணக்கான செல்களுக்கு நடுவே அப்படி இரண்டு மூன்று இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருப்பதை வைத்து நோய் திரும்புமா என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பது எங்கள் டாக்டரின் ஆய்வு. குழாயில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான்.

ஒவ்வொன்றையும் மைக்ராஸ்கோப்பில் இருவரும் தனித்தனியாக எண்ணுவோம். எண்ணிக்கையைச் சீட்டில் எழுதி மடித்து ஒரு டம்ளரில் போடுவோம். பிறகு சேர்ந்து பிரிப்போம். இரண்டும் வேறாக இருந்தால் மறுபடியும் எண்ண வேண்டும். இரண்டிலும் சுழி இருந்தால், அதாவது ஒரு செல்லும் இல்லையென்றால், அண்ணாச்சி "சோத்திரம்" என்று கர்த்தருக்கு நன்றி சொல்வார். யார் பெற்ற பிள்ளையோ, அவருக்குத் தெரியாது. ஆனாலும் சொல்வார்.

ஆய்வுக்கு ரத்தம் கொடுத்திருந்த, துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய ஒருவர் ஒருநாள் கதவருகே நின்று, "எனக்கு எத்தன வந்திச்சுன்னு மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி" என்று கெஞ்சினார். அண்ணாச்சி அவர் தோளில் கை வைத்து, "இது நூறு பேரப் பத்திச் சொல்லும், ஒங்க ஒரு ஆளப் பத்திச் சொல்லாதுய்யா. போயி மீனும் சோறும் நல்லாத் தின்னுங்க" என்றார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. என் வாய் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும்.

பிறகு அவருக்கே நாக்கின் ஓரத்தில் புண் வந்தது. புகையிலையைத் தொடாத மனுஷன். மதுரையில் அறுவைச் சிகிச்சை செய்து, கொஞ்சம் குழறிய பேச்சோடு வேலைக்குத் திரும்பினார். சரியாகிவிட்டது என்று எல்லோரும் நம்பினோம்.

அதற்குச் சில மாதம் கழித்து ஒருநாள் ஒரே ஒரு குழாய்தான் வந்தது. எண் நாற்பத்தொன்று. அண்ணாச்சியின் முழங்கை மடிப்பில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. "கொசுக்கடிக்கும் பிளாஸ்திரி போட்டாச்சா?" என்று கேலி செய்தேன். சிரித்தார். எண்ணினோம், பிரித்தோம். இரண்டு சீட்டிலும் ஏழு. அதுவரை நாங்கள் அத்தனை பார்த்ததில்லை.

"இந்த ஆளுக்கு வருசம் திரும்பாது அண்ணாச்சி" என்றேன்.

அவர் சீட்டைப் பார்த்தபடியே "சோத்திரம்" என்றார்.

"ஏழுக்கு எதுக்கு சோத்திரம்? சுழிக்குத்தான சொல்லுவிய?"

"ரெண்டு பேருக்கும் ஒண்ணு போல வந்துட்டுல்லா, ஏளா. வா, டீ குடிப்போம்."

ஒரு வருடம் கழித்து ஒரு காலையில் மக்ரூன் பெட்டியோடு வந்தார். வாயில் வைத்ததும் கரையும் முந்திரி இனிப்பு; அவரால் சிரமமில்லாமல் தின்ன முடிந்த பண்டம் அது. என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, "வருசம் திரும்பிட்டுல்லா. தின்னு ஏளா" என்றார். கல்யாண நாள் என்று நினைத்து மதினிக்குப் போனில் வாழ்த்துச் சொன்னேன். "எங்க கல்யாணம் மே மாசம்லா" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு மறந்துபோனேன்.

அடக்கம் முடிந்த திங்கட்கிழமை டாக்டர் ஆய்வுப் பட்டியலை என்னிடம் கொடுத்தார். இறந்தவர்களின் எண்ணுக்கு எதிரே நான்தான் தேதி எழுதுவேன். "நாற்பத்தொன்றுக்குப் போன புதன்கிழமையைப் போடும்மா" என்றார். யார் சார் என்று கேட்டேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "செல்வின்தான்மா. உங்கிட்ட சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டார்."

தன் ரத்தம் என்பதால் முறைப்படி அன்று அவர் ஒதுங்கியிருக்க வேண்டும். ஒதுங்கியிருந்தால் யாருடைய ரத்தம் என்று எனக்குத் தெரிந்துபோயிருக்கும். சீட்டுகளை ஒட்டி வைக்கும் நோட்டைத் திறந்து, அருகருகே ஒட்டியிருந்த அந்த இரண்டு சீட்டுகளையும் பார்த்தேன். தன் ரத்தத்தைத் தானே எண்ணி ஏழு என்று எழுதியிருக்கிறார். தேதியைப் போட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தேன். நான் சொன்ன ஒரு வருடத்தைத் தாண்டி இன்னொரு வருடமும் இரண்டு மாதமும் இருந்திருக்கிறார். கடைசியில் நோய் திரும்பிப் படுக்கும்வரை என் எதிரில் உட்கார்ந்துதான் எண்ணினார். ஒருநாளும் என் சொல்லை எனக்குத் திருப்பித் தரவில்லை, அந்த மக்ரூனைத் தவிர.

அந்தப் பெட்டி இன்னும் ஆய்வக மேசையில் இருக்கிறது. டம்ளருக்குப் பதிலாக இப்போது அதில்தான் சீட்டுகளைப் போடுகிறோம். அவருடையது என்று நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். நேற்று, அவர் இடத்துக்கு மாற்றலாகி வந்திருப்பவரோடு சீட்டைப் பிரித்தேன். இரண்டிலும் ஐந்து. "பாவம், யாரோ" என்றார் அவர். நான் முதலில் அவருடைய முழங்கையைப் பார்த்தேன். பிறகு, "ரெண்டு பேருக்கும் ஒண்ணு போல வந்துட்டுல்லா, சோத்திரம்" என்றேன்.