செத்த காலேஜில் ஒரு சின்னக் காப்பு

கல்யாணமாகி சேலையூருக்கு வந்த புதிதில், என் மாமியார் அக்கம்பக்கத்தில் என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துவார்: "மருமக செத்த காலேஜுல வேலை பண்ணுது." மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ், அருங்காட்சியகம் செத்த காலேஜ் என்பது பழைய மெட்ராஸ் பேச்சு. கேட்டவர்கள் ஒரு அடி பின்னால் தள்ளி நிற்பார்கள். எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

மண்ணிலிருந்து வந்த பொருள்களைப் பிரஷால் துடைத்து, எண் எழுதி, பஞ்சு வைத்த தட்டில் கிடத்துவது என் வேலை. தாம்பரத்தில் ரயிலேறினால் கொஞ்ச நேரத்தில் பல்லாவரம் மலை ஜன்னலில் வரும். அந்தப் பக்கத்தில் கிடைத்த கல் கோடரிகள் எங்கள் அறையில் இருந்தன. கையில் எடுத்தால் கட்டைவிரல் தானாக ஒரு பள்ளத்தில் போய் உட்காரும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருக்க, கல்லைப் பிடித்தபடியே எங்கோ போய்விடுவேன். மலையடியில் தண்டவாளம் இல்லை, கட்டடம் இல்லை. இடுப்பளவு புல், அதற்கப்பால் தண்ணீர். யாரோ குந்தி உட்கார்ந்து கல்லைக் கல்லால் தட்டும் ஓசை மட்டும் வந்துகொண்டிருக்கும். "தூங்கறியாம்மா?" என்பார் எங்கள் அதிகாரி. தூங்கவில்லை. ஆனால் விழித்திருந்தேன் என்றும் சொல்ல முடியாது.

என் முதல் பெண் ஐந்தாம் மாதத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டாள். சின்னக் குழந்தைகளை எரிப்பதில்லை, புதைப்பார்கள். ஆண்கள் மட்டும் ஏரிக்கரைக்குப் போனார்கள். என்னை உள்ளறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். அவள் கையில் என் அண்ணன் போட்ட வெள்ளிக் காப்பு இருந்தது. அது அவளோடு போனதா, இல்லை யாராவது கழற்றிக்கொண்டார்களா? இது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. கேட்பவர்களுக்கு அற்பமாகத் தோன்றலாம். பெற்றவளுக்கு, பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பினார்களா என்பது அற்பமில்லை.

எங்கள் வீட்டில் போன குழந்தையைப் பற்றிப் பேசக் கூடாது. பேசினால் அடுத்தது தங்காது என்பார்கள். அதனால் நான் கேட்கவில்லை. அடுத்து மகன் பிறந்தான், நன்றாகத் தங்கினான், தெருவையே ரெண்டுபடுத்தினான். அதற்குள் கேட்காமல் இருப்பதே பழகிவிட்டது. என் நாத்தனார் குழந்தைக்கு மாமியார் புதுக் காப்பு போட்டபோது, என் மகளுடையதை உருக்கித்தான் அதைச் செய்திருக்கிறார்கள் என்று மனதுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன். அந்தப் பையன் கையை ஆட்டிச் சிரிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். புறநகரில் எங்கோ வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது கிடைத்த ஈமத்தாழி ஒன்று உள்மண்ணோடு அப்படியே எங்கள் அறைக்கு வந்தது. இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானை. மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக்கொண்டே போனேன். மழை பெய்து ஓய்ந்த மாதிரி ஒரு வாசனை. கீழே, பச்சை பிடித்த செம்புக் காப்பு ஒன்று. என் இரண்டு விரல்கூட நுழையாது. அதற்குள் தீக்குச்சி மாதிரி ஓர் எலும்பு, அதுவும் பச்சை ஏறி.

"குழந்தைம்மா," என்றார் அதிகாரி. "மத்த எலும்பெல்லாம் மண்ணாயிடுச்சு. செம்பு பட்ட இடம் மட்டும் நிக்குது. கழட்டாமலே வெச்சிருக்காங்க."

அவர் போன பிறகும் பிரஷைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். வெளியே வெயில் மங்கிக்கொண்டு வந்தது. அந்தக் காலத்தில் செம்பு ஒன்றும் லேசில் கிடைத்திருக்காது. இருந்தும் விட்டுவிட்டார்கள். அந்தத் தாயின் மேல் எனக்குப் பொறாமை வந்தது. ஆமாம், பொறாமைதான்.

சாயங்காலம் வழக்கம்போல் தாம்பரம் ஸ்டேஷனில் என் கணவர் மொபெட்டோடு நின்றிருந்தார். பின்னால் ஏறி உட்கார்ந்தேன். கேம்ப் ரோடு பக்கம் திரும்பும்போது, முகத்தைப் பார்க்க வேண்டாம் என்ற தைரியத்தில், அவர் முதுகைப் பார்த்துக் கேட்டுவிட்டேன்.

"ஏங்க, பாப்பா கையில இருந்த காப்பைக் கழட்டிட்டீங்களா?"

வண்டி மெதுவாகி ஒரு புளியமரத்தடியில் நின்றது. அவர் திரும்பவில்லை.

"பெரியப்பா கழட்ட சொன்னாரு. வெள்ளிய மண்ணுல வுடக் கூடாதுன்னாரு. நான் துணிய இழுத்து கைய மூடிட்டேன். அவரு கவனிக்கல."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"உங்கண்ணன் ஆசையா போட்டது. மண்ணுல வுட்டுட்டு வந்துட்டேனேன்னு நீ திட்டுவியோன்னு இருந்துச்சு. அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னு ஆயிடுச்சு."

நடுரோட்டில் அழுகிறோமே என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. அழுகைக்கு நடுவில் ஒரு சிரிப்பும் வந்தது. பாவம், அந்த நாத்தனார் பையன்! வாய்விட்டுச் சொல்லாமல் மனதுக்குள்ளேயே நான் அவனைத் திட்டிய வசவுகளுக்கு அளவே இல்லை.

பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. எதிர்க் கடையில் விளக்கு போட்டார்கள். நாங்கள் கிளம்பவில்லை. என்ன துணி சுற்றினீர்கள், மழை இருந்ததா, கண் மூடியிருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவரும் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"யாருங்க தூக்கிட்டுப் போனாங்க?"

"நான்தான். குடு குடுன்னு எல்லாரும் கேட்டாங்க. யார் கையிலயும் குடுக்கல."