போட்ட பிறகும் கனம்

டார்பிடோ போய்விட்டது. என் கண்ணால் பார்த்தேன். கடலில் விழுந்து, வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு எதிரியின் போர்க்கப்பலை நோக்கி ஓடியது. பாரம் போனதும் விமானம் மேலே துள்ளவும் செய்தது. ஆனால் இப்போது... கீழேயே இழுக்கிறது. யாரோ அடியில் பிடித்துத் தொங்குவதுபோல.

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்குப் பதினெட்டு வயது. அந்த விமானத்தின் பின் இருக்கையில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தவன் நான்தான். முன்னால் விமானி பாஸ்கோ. நடுவில் வழி பார்த்துச் சொல்லும் ஹாலம். துணி போர்த்திய இறக்கை, மேலே கூரை கிடையாது. இந்தப் பழசில்தான் மத்தியதரைக் கடலில் எங்களை இரும்புக் கப்பல்மேல் ஏவினார்கள். தாழ்வாக, நேராக, மெதுவாகப் போனால்தான் டார்பிடோ ஒழுங்காக விழும். சுடுகிறவனுக்கு அதைவிட வசதி என்ன வேண்டும்?

எங்கள் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பும்போது, பக்கத்து விமானத்தின் துப்பாக்கிக்காரன் வில்ஃப் கத்தினான்.

"லென், நீ பறக்கப் போறியா, இல்ல துணி காயப்போடப் போறியா?"

"உன்னோடது மட்டும் என்னடா, இரும்பா?"

திரும்பி வரும்போது அவன் விமானம் கடலில் கிடந்தது. அதற்கு நேர் மேலே பறந்தோம். தண்ணீரிலிருந்து வில்ஃப் கையை நீட்டினான். என்னைப் பார்த்துத்தான். யாருக்காகவும் திரும்பக் கூடாது என்பது கட்டளை. கடந்து போனோம்.

அந்த நொடியில்தான் கனம் ஏறியது.

பேச்சுக் குழாயில் பாஸ்கோ அலறினார். "அடியில என்ன மாட்டியிருக்கு? பாருங்கடா!"

ஹாலம் இடுப்புவரை வெளியே தொங்கிப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமயா இப்படி இழுக்குது? இந்தக் கனத்தோட போனா, நம்ம கப்பல் வரைக்கும் பெட்ரோல் தாங்காது!"

துப்பாக்கியைக் கழற்றி எறிந்தேன். தோட்டாப் பெட்டிகளையும். அரை மணி நேரம்... கனம் குறையவே இல்லை.

சக்கரத் தண்டு முனகியது. க்ரீச்... க்ரீச்...

ஹாலம் திரும்பி என் தோளைப் பிடித்தார்.

"உன் சிநேகிதன்தானே? நீயே சொல்லு."

"என்ன சார் சொல்றது?"

"விடச் சொல்லுடா!"

ஓரமாகக் குனிந்தேன். கீழே பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை.

"வில்ஃப்... விட்டுடுடா. நாங்களாவது போறோம்..."

விமானம் துள்ளி எழுந்தது.

கப்பலில் இறங்கினோம். கோகோ கொடுத்தார்கள். எங்கள் டார்பிடோ எதிரிக் கப்பலுக்கு அடியில் வெடிக்காமலே போய்விட்டதாம். "பரவால்ல பசங்களா, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார் அதிகாரி.

நேற்று வில்ஃபின் விமானியை எங்கள் கப்பலுக்குக் கொண்டுவந்தார்கள். அவர் மட்டும்தான் மிச்சம். பாதி மூழ்கிய ரப்பர் படகில் அவர் கிடந்தாராம். வில்ஃப் அதன் கயிற்றைப் பிடித்தபடி மிதந்தானாம்.

"நல்லாத்தான் இருந்தான். கிண்டல்கூடப் பண்ணிட்டிருந்தான். நீங்க தலைக்கு மேல போயி அரை மணி இருக்கும். திடீர்னு நிமிர்ந்து பாத்தான். 'சரிடா லென்'னு சொன்னான். கையை விட்டுட்டான்."

அடுத்த கால் மணியில் மீட்புக் கப்பல் வந்துவிட்டதாம்.

தூக்கம் வரவில்லை. அத்தனை நேரம் அவன் பிடித்திருந்தது அந்தக் கயிற்றையா...

எங்களையா?