ரங்கூனிலிருந்து ஆறு மணி நேரம்

எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ரங்கூன் அரிசி ஆலையில் ஃபிட்டராக இருந்த அக்கா புருஷன், எங்கள் மாமா, எழுதும் கடிதங்களை அக்காவுக்கு நான்தான் படித்துக் காட்டுவேன். ராயபுரம் கடற்கரையில் அதற்கு இருந்த மரியாதை ஒரு பதினொரு வயதுப் பையனுக்குக் கொஞ்சம் அதிகம்.

அந்தக் கடிதம் வந்தபோது அக்கா மீன் விற்கப் போயிருந்தாள். நானே பிரித்தேன். புதன்கிழமை காலை ஆறு மணிக்கு மாமா விமானத்தில் கிளம்புகிறார்! அதற்கு மேல் படிக்கப் பொறுமையில்லை. பள்ளிக்கூட தேசப்படத்தை விரித்தேன். அப்பா, எங்கள் நைனா, வலை நூலில் ஒரு முழம் அறுத்துக் கொடுத்தார். ஒரு நுனி ரங்கூனில், மறு நுனி சென்னையில்.

"கடல்ல இன்னா ரோடா போட்டுகீது, வளைஞ்சு வர? நேராத்தான் வருவான்" என்றார் நைனா.

நூலைப் படத்தின் அளவுகோலில் வைத்து அளந்தேன். ஆயிரத்து எண்பது மைல். விமானம் மணிக்கு நூற்றெண்பது மைல் போகும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். வகுத்தால் ஆறு. மீதியே இல்லை!

"பன்னெண்டு மணிக்கு மாமா மீனம்பாக்கத்துல!" என்று குப்பம் முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினேன்.

"எங்கூட்டுக்காரரு மார்க்கெட்டுக்குப் போயி காலைலேர்ந்து காணோம். அவரு எப்ப வருவாருன்னும் கணக்குப் போட்டு சொல்லேன்டா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எல்லோரும் சிரித்தார்கள்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்து மீதியைப் படித்தேன். 'கல்கத்தாவில் விமானம் மாறி, சாயங்காலம் வந்து சேருவேன்.'

அக்கா வந்ததும் படித்துக் காட்டினேன், அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு. அவ்வளவு அழகாக வகுபட்ட கணக்கை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

புதன்கிழமை அக்கா கல்யாணப் புடவை கட்டினாள். அப்பாவை அதுவரை பார்த்திராத இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மின்சார ரயிலில் போனோம். பன்னிரண்டு ஆயிற்று. இரண்டும் ஆயிற்று.

"ரங்கூன் பிளேனா? அப்படி ஒண்ணும் வரலியேம்மா" என்றார் வாசல் காவலாளி.

கடலைத் தாண்டி வரவேண்டியவன் வரவில்லை என்றால் எங்கள் பெண்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். திரும்பும் ரயிலில் அக்கா வாய்விட்டு அழுதாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். மாமா எப்படியும் வந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்த அழுகை எனக்குப் பெரிதாகப் படவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் ரிக்‌ஷாவிலிருந்து மாமா இறங்கினார். குப்பமே கூவியது. வீங்கிய முகத்தோடு அக்கா ஓடினாள். புது ஆளைக் கண்டு குழந்தை வீறிட்டது.

"இன்னா, ஒருத்தரும் வரல? கல்கத்தா மாறி சாயங்காலம் வரேன்னு எழுதினேனே!"

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மாமாவின் கையைப் பிடித்து, விமானத்துக்குள் ஜன்னல் உண்டா என்று கேட்டேன்.

அடுத்த வாரம் ஒரு நாள், மீன் கூடையை இறக்கி வைத்த கையோடு அக்கா என் சிலேட்டுப் பலகையை எடுத்து வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"'அ' எப்டிடா போடறது? காட்டு."

நான் படிப்பதைப் பார்த்து அவளுக்கும் ஆசை வந்துவிட்டது என்று குப்பம் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.