கை தட்டியே தீர்மானம் போட்ட அண்ணாச்சி

எங்கள் நகர் நலச் சங்கத் தலைவர் அண்ணாச்சி இன்று காலை காலமாகிவிட்டார். ஹார்ட் அட்டாக்.

வாட்ஸ்அப் குரூப்பில் விடிந்ததிலிருந்து கும்பிடு போடும் கைகளும் அழுகிற முகங்களும்தான்... 'தன்னலமற்ற தலைவர்' என்று ஒருவர் போட்டிருக்கிறார். போன கூட்டத்தில் 'சரியான சர்வாதிகாரி' என்று என் காதில் சொன்னவரும் அவரேதான்.

எனக்கு அழுகை வரவில்லை. வராததை ஃபேஸ்புக்கில் எதற்கு வரவழைக்க வேண்டும்?

தென்காசியில் இல்லாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் சங்கத்தில் ஓட்டு கிடையாது, கை தூக்குவதும் கிடையாது. அண்ணாச்சி தீர்மானத்தை வாசிப்பார். "எல்லாரும் ஒரு கை தட்டிருங்க" என்பார். தட்டினால் பாஸ்.

யார் தட்டாமல் இருப்பார்கள்? தட்டிய பிறகுதான் போண்டா வரும்.

நான் ஆய்க்குடியிலிருந்து வந்து இங்கே வீடு கட்டிய புதிது. முதல் கூட்டத்திலேயே என்னை முன்னால் கூப்பிட்டார். தோளில் ஒரு துண்டைப் போர்த்தி, "நம்ம நகருக்குப் புதுசா வந்திருக்க தம்பி" என்றார். எல்லோரும் தட்டினார்கள். என் கல்யாணத்தில்கூட யாரும் எனக்கு அப்படித் தட்டியதில்லை.

அதே மூச்சில் ஒரு தீர்மானத்தை வாசித்தார். மேலத் தெரு வாறுகால், அதாவது சாக்கடைக் கால்வாய், இனிமேல் தலைவர் வீட்டுப் பக்கம் வராது, இடது பக்கம் திருப்பிக் கடைசிக் காலி மனையோரம் விடப்படும்... "ஒரு கை தட்டிருங்க."

நானும் தட்டினேன். துண்டு போட்ட மரியாதைக்கு, மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே தட்டினேன்.

அந்தக் காலி மனைக்கு அடுத்த வீடு என்னுடையது. மனை பள்ளம். என் வாசல் அதைவிடப் பள்ளம்.

வீட்டுக்கு வந்து துண்டைக் காட்டினேன். முழு விஷயத்தையும் கேட்டுவிட்டு என் வீட்டுக்காரி சொன்னாள், "பத்திரமா வைங்க. சாரல் வந்தா வாசல் தொடைக்க ஆவும்."

சாரல் வந்தது. தெருச் சாக்கடை மொத்தமும் என் வாசலுக்கு வந்தது. மகள் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்கூல் வேனுக்கு நடந்தாள். அந்த மாதமே அவளுக்குக் கால் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண்.

நான் வாளியும் கையுமாக நிற்கும்போது அண்ணாச்சி குடை பிடித்து வாக்கிங் வந்தார்.

"என்னவே, ஊர்ல உள்ளவன்லாம் பஸ் ஏறிக் குத்தாலம் போறான். உமக்கு வாசல்லயே அருவி விழுது!"

"வாங்க அண்ணாச்சி, வந்து ஒரு முங்கு போடுங்க. எண்ணெய் நான் தேய்ச்சு விடுதேன்."

சிரித்தார். வேட்டி நுனிகூட நனையாமல் போய்விட்டார். அவர் வீட்டுப் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை.

அப்புறம் வார்டு பகுதி சபைக் கூட்டம்... கவுன்சிலர், நகராட்சி ஆபீசர் எல்லாம் வந்திருந்தார்கள். நான் பத்தாவது பாஸ், அதுவும் இரண்டாவது தடவை. கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பேசிப் பார்த்துவிட்டுத்தான் போனேன். மைக்கைப் பிடித்து "ஐயா, வாறுகால்..." என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான், அண்ணாச்சி எழுந்துவிட்டார்.

"சார், அது இவரே கை தட்டி பாஸ் பண்ணுன தீர்மானம். சத்தம் எப்படி இருந்துச்சுன்னு வேணும்னா இவங்ககிட்டக் கேளுங்க."

பந்தலே சிரித்தது. ஆபீசரும் சிரித்தார். "ஏங்க, நீங்களே தட்டிட்டு நீங்களே எதுத்தா நாங்க என்னங்க செய்ய?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் இன்று வரை ஆறவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது மகள் சொன்னாள். "அப்பா, ஸ்கூல்ல 'கையக் கட்டு, வாயப் பொத்து'ம்பாங்கல்லா. நீங்க கைய மட்டும் கட்டுங்க. வாயப் பொத்தாதீங்க."

அதற்குப் பிறகு எல்லாக் கூட்டத்துக்கும் போனேன், கையைக் கட்டிக்கொண்டு. ஒரு தடவை நல்ல மழை. நானும் அவரும்தான் வந்திருந்தோம். அப்போதும் தீர்மானத்தை முழுசாக வாசித்தார். என்னைப் பார்த்தார். நான் அசையவில்லை. அவரே தட்டிக்கொண்டார்.

இன்று மாலையோடு போனேன். பெரிய மாலைதான். சின்னதாக வாங்கினால் மனசில் வைத்துக்கொண்டு வாங்கினான் என்பார்கள்.

பந்தலில் சங்கச் செயலாளர் என்னை ஓரமாக இழுத்தார். "ஞாயித்துக்கிழம இரங்கல் கூட்டம், நீரும் வந்துரும். தலைவர் போட்ட தீர்மானம் எதையும் மாத்தக்கூடாதுன்னு ஒண்ணு பாஸ் பண்ணி நகராட்சிக்குக் குடுக்கோம். அடுத்த மாசம் அந்த வாறுகாலுக்குக் கான்கிரீட் போடுதாங்கல்லா."

கான்கிரீட் போட்டுவிட்டால் முடிந்தது. என் மகள் கல்யாணமாகிப் போகிற வரைக்கும் செருப்பைக் கையில்தான் பிடிக்க வேண்டும்.

"இரங்கல் கூட்டத்துல எப்படிவே கை தட்டுவீரு?" என்று கேட்டேன்.

"தட்ட வேண்டாம். தீர்மானத்த வாசிச்சிட்டு ரெண்டு நிமிஷம் மௌனமா நிப்போம். அதுக்குள்ள ஒருத்தரும் எதுத்துப் பேசலன்னா பாஸ்."

அண்ணாச்சி உயிரோடு இருந்திருந்தால் இந்த ஐடியாவுக்கு அவரே முதல் ஆளாகத் தட்டியிருப்பார்.

போய் வாருங்கள் அண்ணாச்சி.

ஞாயிற்றுக்கிழமை வருவேன். முன் வரிசையில், கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பேன். எல்லோரும் உங்களுக்காக இரண்டு நிமிடம் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள்...

நான் பேசுவேன்.