பெயர் சொல்லாமல் கூப்பிட்டது

எனக்குக் காடு பிடிக்காது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடியில் குடியிருக்கிறேன். கீழே பூக்கடை, எதிரே சாப்பாட்டுக்கடை, பக்கத்தில் ரயில். அட்டையும் பாம்பும் குரங்கும் அவை இருக்கிற இடத்தில் நன்றாக இருக்கட்டும், நான் இங்கே இருந்துகொள்கிறேன் என்பதுதான் என் கொள்கை. இத்தனை வருடமாக இரண்டு தரப்பும் அதை மீறியதில்லை.

என் கணவருக்குத்தான் திடீரென்று ஞானோதயம் வந்தது. பள்ளி விடுமுறை முழுக்க ஏழு வயது மகள் கைப்பேசியும் கையுமாகச் சோபாவில் கிடக்கிறாள், கண் கெட்டுவிடும், முதுகு வளைந்துவிடும் என்று ஆரம்பித்தார். அவருடைய அலுவலக நண்பர் வாட்சப்பில் ஓர் இடத்தை அனுப்பியிருந்தார். சுபாங் ஜெயாவைத் தாண்டி ஒரு பூங்கா. பழைய ரப்பர் மரங்கள், கொஞ்சம் காடு, நடுவே புல்வெளி, குடும்பத்தோடு சுலபமாக நடக்கலாமாம். கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஒரு பெண் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற படமும் இருந்தது. அந்தச் சிரிப்பை நான் அப்போதே நம்பவில்லை.

அக்காவும் எங்களோடு வந்தாள். பந்திங்கில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி வீடு அவளுக்கு. விடுமுறைக்கு எங்களோடு சில நாள் தங்க வந்திருந்தாள். என்னைவிட நாலு வயதுதான் பெரியவள். ஆனால் எதற்கும் ஒரு சட்டம் வைத்திருப்பாள். நகம் வெட்ட ஒரு கிழமை, தலைக்குக் குளிக்க ஒரு கிழமை, வீடு கூட்ட ஒரு நேரம். காரை நிறுத்தி இறங்கியதுமே புதுச் சட்டம் ஒன்று வந்தது.

“உள்ள போனதுக்கு அப்புறம் யாரும் யாரையும் பேரு சொல்லிக் கூப்பிடக் கூடாது. சரியா?”

இது அக்காவின் சொந்தச் சரக்கு இல்லை. இந்த நாட்டில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் சொல்வதுதான். காட்டுக்குள் ஒருவரின் பெயரைச் சத்தமாகச் சொன்னால் அங்கே இருக்கிற ஏதோ ஒன்று அதைக் கேட்டு வைத்துக்கொள்ளுமாம். அப்புறம் அதுவும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பிக்குமாம். என் அலுவலகத்தில் மலையேறப் போகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. எல்லாரும் பட்டம் வாங்கியவர்கள். மலையில் ஒருவரையொருவர் ‘ஓய்’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

நான் சிரித்தேன். வாசலில் ஐஸ்கிரீம் விற்கிற மோட்டார் சைக்கிள் நிற்கிறது, இதுவா காடு என்று கேட்டேன். அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. முதல் திருப்பத்தில், மரங்கள் நெருங்கி வெளிச்சம் குறைந்த இடத்தில், அக்காவைச் சீண்டுவதற்காகவே மகளின் முழுப் பெயரையும் அப்பா பெயரோடு சேர்த்து உரக்கக் கூப்பிட்டேன். மகள் சிரித்தாள். கணவரும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தாள்.

கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போனது. ரப்பர் மரங்களுக்கு நடுவே காற்று வந்தது. அட்டை இல்லை. குரங்குகள் தூரத்திலேயே நின்றுகொண்டன. பிறகு மரங்கள் விலகிப் புல்வெளி வந்தது. இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்கு லாலாங் புல், நடுவே செம்மண் பாதை, பாதையோரம் முழுக்கத் தொட்டாற்சிணுங்கி. மகளுக்கு அதைக் கண்டதும் வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. குந்தி உட்கார்ந்து ஒவ்வோர் இலையாகத் தொட்டு மூட வைத்துக்கொண்டே நகர்ந்தாள். அக்கா அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றி உள்ளே போன கல்லைத் தட்டினாள். கணவர் மேகத்தைப் படம் எடுத்தார். நான் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தேன். குடித்து முடித்துத் திரும்பியபோது மகள் இல்லை.

முதலில் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. புல்லுக்குள் ஒளிந்து விளையாடுகிறாள், கிடைக்கட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன். பாதை வளைகிற இடம்வரை போனேன். தொட்டாற்சிணுங்கி இலைகள் வரிசையாக மூடியிருந்தன. அவள் போன வழி அப்படியே தெரிந்தது. ஓரிடத்தில் அந்த வரிசை நின்றுவிட்டது. அதற்கு அப்பால் இலைகள் எல்லாம் விரிந்தே இருந்தன.

அந்த இடத்திலிருந்து பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று மறுபடியும் மரங்களுக்குள் போனது. இன்னொன்று சரிவில் இறங்கி ஒரு குளத்துக்குப் போனது. குளத்தின் கரையில் ஆபத்து என்று மலாயில் எழுதிய சிவப்புப் பலகை இருந்தது. ஒரு மனிதன் தண்ணீரில் மூழ்கிக் கையைத் தூக்குகிற படமும் அதில் இருந்தது. நான் அந்தப் பச்சைத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் ஒரு சலனமும் இல்லை. சலனம் இருந்தால் பயமா, இல்லாவிட்டால் பயமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

கைப்பேசியில் லைன் இல்லை. கணவர் வாசலில் இருக்கிற காவலாளியிடம் சொல்லி ஆள் கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. தொப்பை குலுங்க, மூக்குக்கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு போனார். அவரே ஓடுகிறார் என்றால் இது நிஜம்தான் என்று தோன்றியது.

மரங்களின் பக்கமிருந்து ஒரு மலாய்ப் பெண்மணி தனியாக நடந்து வந்தார். மஞ்சள் சட்டை போட்ட சின்னப் பெண்ணைப் பார்த்தீர்களா என்று, எனக்கு வந்த மலாயில் கேட்டேன். பார்க்கவில்லை என்றார். குளத்துப் பக்கம் தான் போய்ப் பார்ப்பதாகவும், பிள்ளை திரும்பி வந்தால் ஆள் வேண்டும், நாங்கள் இங்கேயே நிற்பது நல்லது என்றும் சொன்னார். சரிவில் இறங்கியவர் நின்று திரும்பினார். பெயரைச் சொல்லி மட்டும் கூப்பிடாதீர்கள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்து வைத்திருந்தேன். அது வரவில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இப்போதும் கிடையாது. ஆனால் பிள்ளையைக் காணாமல் நிற்கிறபோது நம்பிக்கை இல்லாதவள் என்று ஒருத்தி இருக்க முடியாது. முழுப் பெயரையும் அப்பா பெயரோடு இந்த மரங்களுக்கு நான்தானே சொல்லிக்கொடுத்தேன் என்று நினைத்தேன். அந்தப் பெயரை இன்னொரு தடவை இங்கே சொல்ல எனக்குத் துணிவு இல்லை.

பின்னே எப்படிக் கூப்பிடுவது? பெயர் இல்லாமல் ஒரு பிள்ளையைக் கூப்பிட என்ன இருக்கிறது? எங்கள் அம்மா எங்களைக் கொஞ்சி வளர்த்தவள் இல்லை. நானும் அப்படித்தான். மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், கோபம் வந்தால் ‘ஏய்’ என்பேன். பெரும்பாலும் கோபம் வரும். கண்ணு, தங்கம், செல்லம் எல்லாம் தொலைக்காட்சித் தொடரில் வருகிற அம்மாக்கள் சொல்வது. அன்றைக்கு அந்தச் சொற்கள்தான் எனக்குக் கிடைத்தன.

“கண்ணு, அம்மா இங்கதான்டா இருக்கேன். வா தங்கம். அம்மாகிட்ட வாடா.”

அழுகையை அடக்கியதால் குரல் இளகி, இழுத்துக்கொண்டு வந்தது. என் காதுக்கே அது யாரோ பேசுவதுபோல் இருந்தது. புல்வெளி முழுக்கக் கேட்கும்படி மறுபடி மறுபடி அப்படியே கூப்பிட்டேன். பதில் இல்லை. பூச்சிகளின் இரைச்சலும் நின்றுவிட்டது. மேற்கே வானம் கறுத்து, எங்கோ இடி உறுமியது. இங்கே மத்தியானத்துக்கு மேல் மழை வருவது ஒன்றும் புதிதில்லை. ஆனால் அந்த மேகம் எங்கள் தலைக்கு மேல் வருவதற்குள் அவள் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே முடியவில்லை. மழையில் அவள் அழுதால்கூட எனக்குக் கேட்காது.

அக்கா முனியாண்டியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பொங்கல் வைக்கிறேன், சேவல் விடுகிறேன் என்று வரிசையாக வேண்டினாள். நடுவில் என் பக்கம் திரும்பி, “பேரு மட்டும் வேணாம்டி. இன்னும் கொஞ்சம் அன்பா கூப்பிடு,” என்றாள்.

எனக்குள் அதுவரை அடங்கியிருந்தது எல்லாம் அந்தச் சொல்லில் பிய்த்துக்கொண்டது.

“உன் சட்டத்தையெல்லாம் பந்திங்கோட வச்சிக்க. கையப் புடிச்சிக்கிட்டு வந்தவ எதுக்கு விட்ட? கால்ல ஒரு கல்லு இருந்தா செத்தா போயிருவ? அந்த மனுசன் மேகத்தப் படம் புடிக்கிறாரு, மேகத்த. வீட்டுல ஜன்னலத் தெறந்தா மேகம் தெரியாதா? எல்லாரும் சேர்ந்து என் உயிர எடுக்குறீங்க. அவ வரட்டும், கைல கெடைக்கட்டும். கால ஒடிச்சி சோபாவுலயே கட்டிப் போடுறேன். இனிமே பார்க்கு கீர்க்கு எதுவும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது.”

இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுத முடியாததும் அதில் இருந்தது. நான் மூச்சு வாங்க நிறுத்தினேன்.

“அம்மா.”

சத்தம் எங்கள் காலுக்குக் கீழே இருந்து வந்தது. பாதையின் ஓரத்தில் லாலாங் புல் அசைந்தது. மண் அப்பிய ஒரு சின்னக் கை வெளியே வந்தது, பிறகு மஞ்சள் சட்டை. பாதைக்குக் குறுக்கே அடியில் மழைத் தண்ணீர் போவதற்காகப் பெரிய சிமெண்டுக் குழாய் ஒன்று பதித்திருந்தார்கள். புல் அதன் வாயை மூடியிருந்தது. நான் அவ்வளவு நேரமும் அந்தக் குழாயின் மேல் நின்றுதான் கத்தியிருக்கிறேன். அவளைத் தூக்கியபோது முட்டியெல்லாம் பாசியும் சேறும். உடம்பு சில்லென்று இருந்தது. பக்கத்தில் அவ்வளவு நேரம் இருந்துகொண்டு ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் கூரை போட்ட ஒரு சின்ன மண்டபம் இருந்தது. அதற்குள் ஓடினோம். கொஞ்ச நேரத்தில் கணவரும் காவலாளியும் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார்கள். குளத்துப் பக்கம் போன பெண்மணியும் ஒரு குடையோடு ஏறி வந்தார். மகளைப் பார்த்து நெஞ்சில் கை வைத்து, இறைவனுக்கு நன்றி சொல்லிவிட்டு, நிற்காமல் போய்விட்டார். கணவர் மகளின் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அக்காதான் கேட்டாள், எதற்காக அந்தக் குழாய்க்குள் போனாய் என்று. முதலில் தண்ணீரில் குட்டி மீன் பார்க்க இறங்கினாளாம். அப்போது யாரோ கூப்பிடுவது கேட்டதாம்.

“கையப் புடிச்சிக்கிட்டு வரும்போது நீங்கதான சொன்னீங்க பெரியம்மா. காட்டுல ஒன்னு இருக்கு, அது அம்மா குரல்லயே கூப்பிடும், பதில் சொல்லக் கூடாதுன்னு. அது கூப்பிட்டுச்சு. அது கூப்பிடக் கூப்பிட நான் உள்ள உள்ள போனேன்.”

அக்கா முந்தானை இல்லாத தன் சட்டையின் நுனியைப் பிடித்து முகத்தை மூடிக்கொண்டாள். மண்டபத்திலிருந்து பார்த்தால் குழாயின் வாய் தெரிந்தது. இப்போது அங்கே புல் தெரியவில்லை. செம்மண் கலந்த தண்ணீர் குழாய் நிறையத் தள்ளிக்கொண்டு வந்தது. ஒரு மரக்கிளை அதில் அகப்பட்டு உருண்டு போனது. இன்னும் கொஞ்ச நேரம் நான் அன்பாகக் கூப்பிட்டிருந்தால் என்ற நினைப்பு வந்தது. அதை முடிக்க என்னால் முடியவில்லை. இன்றுவரை முடிக்கவில்லை.

“அது நான்தான்டி,” என்றேன். “நான்தான் கூப்பிட்டேன்.”

அவள் இல்லையென்று தலையாட்டினாள். எனக்குத் தெரியாத ஒன்றைப் பொறுமையாகச் சொல்லிப் புரியவைக்கிறவளைப்போல் சொன்னாள்.

“இல்லமா. அது கண்ணு, தங்கம்னு கூப்பிட்டுச்சு. நீங்க அப்படிலாம் கூப்பிட மாட்டீங்க. அப்புறம் நீங்க வந்து பெரியம்மாவ ஏசுனீங்கல்ல, அப்பதான் எனக்குத் தெரிஞ்சுச்சு. ஓடி வந்தேன்.”

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பல் தந்தியடித்தது. என் துப்பட்டாவை எடுத்து அவளைச் சுற்றினேன். கண்ணு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்து அதை விழுங்கினேன்.

“ஏய், ஆடாம நில்லு,” என்றேன். “சட்டையெல்லாம் சேறு. இத யாரு தொவைக்கிறது?”

அவள் உடம்பு தளர்ந்தது. முகத்தை என் வயிற்றில் புதைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மழை விடும்வரை நான் அவளை ஏசிக்கொண்டே இருந்தேன்.