கப்பல் காசுக்குப் பழி

சலவைக்கடையின் பின்னறையில் கறை எடுப்பதுதான் அவள் வேலை. அதனால் கறையக்கா. வாடிக்கையாளர்கள் வைத்த பெயர். இப்போது கோபம் வந்தால் புருஷனும் அப்படித்தான் கூப்பிடுகிறான். முன்னால் கல்லாவில் உட்காருபவள் அவளுடைய நாத்தனார். கடை நாத்தனாருடையது, கை கறையக்காவுடையது. இது இருவருக்கும் தெரியும், வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதில்லை.

பின்னறையில் ஒரு ஜன்னல், ஒரு நீராவிக் குழாய், சுவரை ஒட்டிப் புட்டிகள். எந்தத் துணி வந்தாலும் கேள்வி கேட்காமல் அவள் தொடமாட்டாள். "என்ன கொட்டுச்சு? எப்பக் கொட்டுச்சு? வீட்டுல எதையாவது போட்டுத் தேச்சீங்களா?" மூன்றாவது கேள்விக்கு எல்லோரும் பொய் சொல்வார்கள். அந்தப் பொய்க்கும் சேர்த்துத்தான் மருந்து கலப்பாள்.

நாணயப் பைத்தியம் அவளுக்குச் சட்டைப் பைகளிலிருந்து பிடித்தது. மறந்துபோய் உள்ளே கிடக்கும் சில்லறையை உரியவரிடம் திருப்பிக் கொடுக்குமுன் உற்றுப் பார்ப்பாள். பார்த்துப் பார்த்து, பழைய காசுகள் வாங்க ஆரம்பித்து, சேகரிப்பவர்களின் இணையக் குழுவில் சேர்ந்து, புதியவர்களை அதட்டும் அளவுக்கு வந்துவிட்டாள். அவள் உயிரையே வைத்திருந்தது ஒரு வெள்ளிக் காசின்மேல். ஒரு பக்கம் பாய்மரக் கப்பல். எல்லாக் கப்பல் காசுகளிலும் பாய் எந்தப் பக்கம் உப்பியிருக்கிறதோ கொடியும் அந்தப் பக்கமே பறக்கும். ஆனால் முதலில் அடித்த கொஞ்சம் காசுகளில் கொடி எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது. அதிகாரிகள் கண்டுபிடித்து அச்சை மாற்றுவதற்குள் சில வெளியே போய்விட்டன. சரியான கொடி போட்ட கப்பல் காசுகள் அவளிடம் ஒரு தட்டு நிறைய இருந்தன. தப்பான கொடி ஒன்றுகூட இல்லை.

அப்படி ஒன்று இணைய ஏலத்துக்கு வந்தது. பல் கட்ட ஒதுக்கிய பணத்தை எடுத்துவைத்துக்கொண்டு களத்தில் இறங்கினாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒரே ஒரு பெயர் மட்டும் விடவில்லை: மழைமேகம். அவள் ஒரு படி ஏற்றினால் அதுவும் ஒரு படி ஏற்றியது. முடிகிற நேரம், கடையில் கூட்டமான மதியம். அவள் கையில் மருந்து சொட்டும் ரப்பர் கையுறை. மேசையில் மை கொட்டிய கோட்டு.

"போன்ல என்ன பண்ற? கோட்டுக்காரர் நிக்கிறாரு" என்று முன்னாலிருந்து நாத்தனார் குரல் கொடுத்தாள்.

"இதோ அண்ணி."

மழைமேகம் மறுபடி ஏறியிருந்தது. இன்னும் ஒரு படிக்கு அவளிடம் பணம் இருந்தது. அழுத்தினாள். ஈரக் கையுறையைப் போன் மதிக்கவில்லை. பல்லால் கடித்துக் கையுறையை உருவி மறுபடி அழுத்தியபோது ஏலம் முடிந்திருந்தது.

அன்று மாலைக்குள் மழைமேகத்துக்கு அவள் ஒரு முகம் வரைந்துவிட்டாள்: தொந்தி, விரலெல்லாம் மோதிரம், காசுகளை மூட்டையாய் வாங்கி விற்கும் தரகன். அந்த முகத்தை நினைத்துக்கொண்டு இஸ்திரிப் பெட்டியை அழுத்தினாள். சட்டைகள் அட்டை போல விறைத்து நின்றன.

"யாரை இப்படிப் போட்டுத் தேய்க்கிற? சட்டை பாவம்" என்றாள் நாத்தனார்.

"சட்டையைத் தேய்க்கல அண்ணி."

"அந்த மேகத்தையா? விட்டுத் தொலையேன். ஒத்தக் காசு. கடையில நீட்டினா டீ கூடத் தரமாட்டான்."

"நீங்க கத்தாம இருந்திருந்தா இந்நேரம் என் கையில இருக்கும்."

"அப்ப என்னையும் சேர்த்துத் தேய்ச்சிடு."

கறையக்கா சிரிக்கவில்லை. அந்தக் காசு போலி என்று குழுவில் எழுதினாள். குழுவை நடத்தும் தபால்காரர் ஆதாரம் கேட்பார் என்று உடனே அழித்தாள். மழைமேகம் வேறு எதையாவது ஏலம் கேட்டால் கூடவே ஏற்றி ஏற்றி அவன் மடியைக் காலி செய்யலாம் என்று தினமும் ஏலத் தளத்தைக் காவல் காத்தாள். மழைமேகம் வரவே இல்லை. பழி தயாராக இருந்தது, வாங்க ஆள்தான் இல்லை. கடைசியில் வயிற்றெரிச்சலில் குழுவைத் திறப்பதையே விட்டுவிட்டாள்.

அப்படியிருக்கும்போது, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் சீருடைச் சட்டை போட்ட ஒல்லியான மனிதர் ஒருவர் கடைக்கு வந்து பின்னறையில் எட்டிப் பார்த்தார். கையில் துணி இல்லை.

"கறையக்கா நீங்கதானே? தபால்காரர் அனுப்பினாரு. ஏலத்துல ஒரு காசு எடுத்தேங்க. கறுத்துக் கெடக்கு. எதைப் போட்டுக் கழுவலாம்னு குழுவுல கேட்டா ஆளாளுக்குத் திட்டுறாங்க, ஏன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கிறாங்க. நீங்க பொறுமையா விளக்கிச் சொல்லுவீங்கன்னாரு."

கறையக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "உங்க பேரு அங்க என்னன்னு இருக்கு?"

"மழைமேகம். சேர்ந்த அன்னைக்கு மழை. வேற ஒண்ணும் தோணல."

சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். அவள் உயிரை வைத்திருந்த கப்பல், அவள் மேசைமேல். பாய் ஒரு பக்கம், கொடி மறுபக்கம். ஓரத்தில் கருநீலம், நடுவே, தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் தெரியும் நிறங்கள். அது கறையே அல்ல. காற்றும் காலமும் சேர்ந்து வெள்ளிக்குப் போர்த்திய தோல். அதை உரித்தால் காசு செத்த மாதிரி. சேகரிப்பவன் எவனும் சீந்தமாட்டான். இதைச் சொல்லித்தான் இத்தனை காலம் அவள் புதியவர்களை அதட்டிவந்தாள். தபால்காரரும் இதைச் சொல்லத்தான் இவரை அனுப்பியிருக்கிறார். 'தொடாதீங்க' என்று ஒரு வார்த்தை போதும்.

"பளபளன்னு ஆக்க முடியுங்களா?"

"ஆக்கலாம்" என்றாள் கறையக்கா. "கண்ணாடி மாதிரி ஆக்கித் தரேன். நாளைக்கு வாங்க."

ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டாள். மருந்தைக் கலந்தாள். காசை உள்ளே விட்டதும் கருநீலம் ஒரு நொடி தயங்கியது, பிறகு புகைபோலக் கரைந்தது. போதாது என்று சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்தாள். தொந்தியை, மோதிரங்களை, ஈரக் கையுறையை, கோட்டுக்காரரை, எல்லாவற்றையும் போட்டுத் தேய்த்தாள். பூதக்கண்ணாடியில் பார்த்தாள். கப்பலைச் சுற்றி மயிரிழை மயிரிழையாகக் கீறல். 'இனி இதை எவன்கிட்ட விப்பான்னு பாக்கலாம்' என்று சொல்லிக்கொண்டே கழுவித் துடைத்து வைத்தாள். அன்று வீட்டில் அவள் பேச்சில் இருந்த இனிப்பைப் பார்த்துப் புருஷன் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான்.

மறுநாள் ஓட்டுநர் பயிற்சிக்காரர் காசை வெளிச்சத்தில் பிடித்தார். முகம் முழுக்கப் பல்.

"அடேங்கப்பா. நேத்து அடிச்ச மாதிரி இருக்கு. என் பொண்ணு கப்பல்ல இன்ஜினியரா சேர்ந்திருக்கா. கெளம்புறதுக்குள்ள கப்பல் போட்ட காசு ஒண்ணைச் செயின்ல கோத்துக் கொடுத்துடணும்னு கெடந்தேன்."

"விக்கிறதுக்கு இல்லையா?"

"இதை யாருங்க விப்பா? கப்பல் இருக்குதுன்னுதான் கேட்டேன். யாரோ ஒரு புண்ணியவான் விடாம ஏத்திக்கிட்டே போனாரு. எனக்கும் வீம்பு வந்துடுச்சு. அப்படி என்னதான் இருக்கு இதுலன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல."

"கொடி" என்றாள். "கொடி எதிர்ப்பக்கம் பறக்குது பாருங்க. தப்பா அடிச்சது. அதனாலதான்."

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அட, ஆமா. கப்பல்ல இருக்கிறவ கழுத்துல இதைப் பாத்தா கூட இருக்கிறவங்க சிரிப்பாங்களே. தெரிஞ்சிருந்தா தப்பில்லாததா ஒண்ணு தேடியிருப்பேன்."

கறையக்கா காசை நோக்கிக் கை நீட்டினாள். தோல் உரித்த பிறகும் அந்தக் காசு அவளுக்கு வேண்டியிருந்தது. "என்கிட்ட சரியான கொடி போட்டது இருக்கு. நல்லதா ஒண்ணு எடுத்துத் தரேன். இதை என்கிட்ட கொடுத்துடுங்க."

அவர் யோசித்தார். நேற்றானால் யோசிக்காமலே மாற்றிக்கொண்டிருப்பார்.

"வேணாங்க" என்றார். "நீங்க இவ்வளவு பாடுபட்டு மின்ன வச்சிருக்கீங்க. இதை மாத்தினா நல்லா இருக்காது. சிரிச்சா சிரிக்கட்டும். ஆமா, இதுல ஓட்டை போட இங்க யாரு இருக்கா?"

"எதிர்ல கடிகாரக்காரர் இருக்காரே" என்றாள் கல்லாவிலிருந்து நாத்தனார்.

"அவர் வேணாம்" என்றாள் கறையக்கா சட்டென்று. "கை நடுங்கும் அவருக்கு. மூலையில நகைப்பட்டறை இருக்கு, அங்க போங்க. நடுவுல போட விட்டுடாதீங்க. ஓரமாப் போடச் சொல்லுங்க."

கூலி வாங்க அவள் மறுத்ததும் அவர் கும்பிட்டுவிட்டுப் படி இறங்கினார். நாத்தனார் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"இவன்தானா அந்த மேகம்? என்னவோ உரிச்சுத் தொங்கப் போடுவேன்னு குதிச்ச, சும்மா விட்டுட்டியா?"

"விடல அண்ணி."

"சிரிச்சுக்கிட்டே போறானே."

"ஆமா" என்றாள் கறையக்கா. அடுத்த துணியைப் பிரித்து மேசையில் போட்டுவிட்டு, அது என்ன கறை என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.