சுகன்யாதேவியும் சுடுதண்ணீர்க் குளமும்

என் மனைவி சுகன்யாதேவிக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. பிராங்பேர்ட்டில் முதியோர் இல்லத்து வேலை முடிந்து களைத்து வந்தாலும், கைபேசியும் கையுமாகச் சமையலறைக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருப்பாள். நாங்கள் இருப்பது லிஃப்ட் இல்லாத நாலாம் மாடி. என் முழங்கால் உயிரை எடுக்கிறது. வேறு வீடு பார்ப்போம் என்றால் மாட்டாள். அவளுடைய அண்ணன் ஞானசுந்தரத்துக்குத் தெரிந்தது இந்த விலாசமும் இந்த நம்பரும்தானாம். போர் முடிந்த வருஷம் முல்லைத்தீவில் காணாமல் போனவர் அவர். எங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்ததும் அந்த மச்சான்தான்.

"அண்ணை வந்தால் எங்கை போய்த் தேடுவார்?" என்பாள்.

"வாற மனிசன் இவ்வளவு காலம் வராமல் இருப்பாரே? உனக்கென்ன விசரே? செத்தவைக்குச் செய்யிற அந்தியேட்டியை அவருக்கும் செய்ய விடன்!" என்று நானும் வாயை விடுவேன். பிறகு வீட்டில் பேச்சுவார்த்தை இருக்காது.

எங்கள் மகள் கம்சனா தொழிற்படிப்பு முடித்த சந்தோஷத்தில் எங்களைப் பொலிவியாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். நாலாயிரம் மீட்டருக்கு மேலே, மருந்துக்கும் ஒரு மரமில்லை. எரிமலையும் மணலும் உப்பும்தான். மூச்சு வாங்கியது, தலை இடித்தது. பிள்ளைக்காக வந்து மாட்டிக்கொண்டோமே என்று புறுபுறுத்தபடி ஜீப்பில் குலுங்கினேன். சுகன்யாதேவியோ வழி முழுக்கக் கைபேசியைத் தூக்கிப் பிடித்துச் சிக்னல் தேடினாள்.

காலையில் ஒரு குளத்தருகே ஜீப் நின்றது. சுற்றிலும் தரை உறைந்து கிடக்க, தண்ணீரிலிருந்து ஆவி பறந்தது. கம்சனா இதை எங்களிடம் முன்பே சொல்லவில்லை.

"அம்மா, இயற்கையா வாற சுடுதண்ணி! வாங்கோ, இறங்குவம்!"

சுகன்யாதேவியின் முகம் செத்துவிட்டது. "எனக்கு ஏலாது. இஞ்சேருங்கோ, நீங்களும் இறங்காதேங்கோ" என்றாள் என்னிடம்.

எனக்கு விளங்கியது. இவள் திருகோணமலைக்காரி. அங்கே கன்னியாவில் வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. சனம் உல்லாசமாகவும் குளிக்கும்தான். ஆனால் இவள் வீட்டார் அங்கே போனதெல்லாம் செத்தவர்களுக்கு அந்தியேட்டி கழிக்கத்தான். தகப்பனுக்கும் தாய்க்கும் அங்கேதான் முழுகினார்கள். இப்போது வெந்நீரில் முழுகினால் அண்ணனும் செத்துவிட்டார் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும்.

ஜெர்மனியில் பிறந்த பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்? நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் ஜாக்கெட்டைக் கழற்றி எறிந்துவிட்டுத் தொப்பென்று குதித்தாள். தலையை அமிழ்த்தி எழும்பிச் சிரித்தாள்.

"ஐயோ, முழுகிட்டாளே! மாமனுக்கு மருமகள் முழுகிட்டாளே!" சுகன்யாதேவி கரையில் அங்குமிங்கும் ஓடினாள். "வெளியிலை வாடி!"

பிள்ளை பயந்துபோய் நடுக்குளத்தில் நின்றுவிட்டது. அவளை இழுத்து வர இவள் கோட்டோடும் சப்பாத்தோடும் தண்ணீருக்குள் இறங்கினாள். நெஞ்சளவு ஆழத்தில் மகளின் கையைப் பிடித்தவள் இழுக்கவில்லை. அப்படியே நின்றாள்.

"என்னம்மா? சொல்லுங்கோ!" என்று கம்சனா அழத் தொடங்கினாள்.

கன்னியாவைப் பற்றி இவள் சொன்னாள். அண்ணனைப் பற்றியும் சொன்னாள்.

"அப்ப, மாமா உயிரோடை இருக்கிறார் எண்டு நீங்கள் நம்புறீங்களா?" பிள்ளை நேராகவே கேட்டுவிட்டது.

சுகன்யாதேவி மகளின் நனைந்த தலையைத் தடவினாள். "இல்லைப் பிள்ளை. அண்ணை செத்துப்போனார். எனக்கு எப்பவோ தெரியும்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை காலமும் அவளோடு மல்லுக்கட்டினேன். அவள் கண்ணை மூடி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். கரையில் நின்று அடித்தொண்டையில் கத்தினேன்.

"முழுகாதை சுகன்யா! அவர் வருவார்!"